கப்ஸா கஸ்பாரும் கடைசி ஒலிபரப்பும்

சிவசூரியன் சாகக் கூடாது என்று கஸ்பார் தினமும் ஜெபம் செய்தார். அன்பினால் இல்லை. அந்த மனுஷன் கண்ணும் காதும் நன்றாக இருக்கும்போதே, நாலு பேர் பார்க்கத் தலைகுனிந்து நிற்க வேண்டும். அதற்குள் மாரடைப்பு கீரடைப்பு வந்து, ஊரே மாலை போட்டு, 'கடைசிக் குரலைக் கேட்டவர்' என்று பத்திரிகையில் படமும் வந்துவிட்டால், இருபது வருஷத்துக்கு மேல் நெஞ்சில் வைத்து வளர்த்ததெல்லாம் வீணாகப் போய்விடும். எதிரியின் உடல்நலத்துக்காக மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிய ஒரே ஆள் தூத்துக்குடியில் கஸ்பார் வாத்தியாராகத்தான் இருக்கும்.

விவகாரம் சின்னதுதான். வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ரேடியோ கேட்ட விவகாரம்.

கஸ்பார் அப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாயங்காலமானால் உப்பளத்துக்குப் போய், பம்ப் கொட்டகை ஓரமாக உட்கார்ந்து மத்திய அலை ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார். பகலில் பக்கத்து ஊர் நிலையம் மட்டும் கேட்கும். பொழுது சாயும்போது வானத்தின் மேலடுக்கில் அலைகள் பட்டுத் திரும்பி, கடல் தாண்டி எங்கோ யாரோ பேசுவது நம் காதில் வந்து விழும். உப்புத் தரையில் அது இன்னும் தெளிவு. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள், எந்தப் பாட்டு, என்ன பேச்சு, எவ்வளவு தெளிவு என்று விவரமாக எழுதி அந்த நிலையத்துக்கே அனுப்புவார்கள். சொன்னது சரியாக இருந்தால் நிலையம் ஒரு உறுதி அட்டை அனுப்பும். அட்டை வந்தால்தான் கேட்டதாகக் கணக்கு. வராவிட்டால் நீங்கள் கேட்டது கனவு.

இவர்களுக்கென்று நெடுந்தொலைவு நேயர் மன்றம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் சிவசூரியன், சுங்க இலாகா அதிகாரி. கஸ்பார் அவரை வாய் நிறைய "அண்ணாச்சி" என்று கூப்பிட்ட காலம் அது.

தென்கிழக்கே வெகுதூரத்தில், இந்துமாக்கடலுக்குள் மெலோரா என்று ஒரு தீவு. கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் வாரிசுகள் வாழ்ந்த தீவு. அங்கிருந்த குட்டி நிலையம் சாயங்காலம் கொஞ்ச நேரம் தமிழில் பேசும். இந்தியாவில் அதை யாரும் பிடித்ததில்லை. சிவசூரியன் வருஷக்கணக்காக முயன்றும் கிடைக்காதது, ஒரு நாள் கஸ்பாரின் பெட்டியில் வந்து விழுந்தது. கஸ்பார் தலைகால் புரியாமல் எல்லாவற்றையும் எழுதினார். நடுவில் அறிவிப்பாளர் ஒரு முறை தும்மினார் என்பதைக்கூட விடவில்லை.

"தும்மலாம்ல!" என்று மன்றக் கூட்டத்தில் சிவசூரியன் சிரித்தார். "மூக்குச் சிந்தினதும் கேட்டுச்சா வாத்தியாரே? அட்டை வரட்டும், பாப்போம்."

அட்டை வருவதற்குள் கடல் வந்துவிட்டது. ஒரு புயல் சாயங்காலத்தில் மெலோராவின் தாழ்நிலம் முழுவதும் தண்ணீருக்குள் போனது. நிலையமும் போனது, அறிவிப்பாளர் ரூபவதியும் போனார். அந்த மாலை கஸ்பார், சிவசூரியன் இரண்டு பேருமே ரேடியோ முன்னால் இருந்தார்கள். சிவசூரியன் எழுதியது: 'அறிவிப்பாளர் அமைதியாகப் பேசினார், பாடல் ஒலித்தது, பிறகு நிலையம் நின்றது.' கஸ்பார் எழுதியது: 'படகுகளை எடுத்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று கதறினார்.' இரண்டையும் பத்திரிகை அச்சிட்டது.

ஒரே நிலையத்தை ஒரே நேரத்தில் கேட்ட இரண்டு பேர் இப்படி எழுத முடியுமா? சிவசூரியன் மன்றத்தைக் கூட்டி முடிவு கட்டினார். கஸ்பார் அன்றைக்கும் மெலோராவைக் கேட்கவில்லை, அதற்கு முன்னாலும் கேட்கவில்லை, எல்லாம் கட்டுக்கதை. பெயர் நீக்கப்பட்டது. சிவசூரியன் மெலோராவைக் கேட்ட முதல் இந்தியர் ஆனார், கடைசியாகக் கேட்டவரும் ஆனார். பதக்கம், பேட்டி, பாராட்டு விழா. கஸ்பாருக்குக் கிடைத்தது ஒரு பட்டப்பெயர். கப்ஸா கஸ்பார். கரும்பலகையில் எழுதினார்கள், சைக்கிள் சீட்டில் எழுதினார்கள். மகன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர், "மாப்பிள்ளைக்கு அப்பா யாரு, அந்தக் கப்ஸாவா?" என்று கேட்டது மணமேடை வரைக்கும் கேட்டது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பழி வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தார்.

எப்படி வாங்குவது என்று தெரியாமல் கிழவனாகியும் விட்டார். அப்போதுதான் வானம் ஒழுக ஆரம்பித்தது.

முதலில் யாரும் நம்பவில்லை. பழைய ரேடியோப் பெட்டிகளில் சாயங்காலம் சாயங்காலமாகப் பழைய ஒலிபரப்புகள் கேட்டன. இழுத்து மூடிய நிலையங்களின் செய்தி, செத்துப்போனவர்களின் குரல். மறுவரவு என்று பெயர் வைத்தார்கள். ஊர் இரண்டுபட்டது. ஒரு மந்திரி தேர்தலுக்கு முன்னால் பேசியதும் பின்னால் பேசியதும் ஒரே மாதத்தில் திரும்பி வந்து அவர் பதவியைப் பறித்தன. நேயர் விருப்பத்தில் வேறொரு பெண் பெயருக்குப் பாட்டுக் கேட்ட ஒருவரை அறுபது வயதில் பெண்டாட்டி வீட்டைவிட்டுத் துரத்தினாள். நீதிமன்றமே மறுவரவைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டது. பொய் சொல்லிப் பிழைத்தவர்களெல்லாம் பொழுது சாயும்போது நடுங்கினார்கள்.

கஸ்பார் மட்டும் குழந்தைபோலக் குதூகலித்தார். தாளும் பேனாவுமாக உட்கார்ந்து மெலோராவின் அந்த மாலை எப்போது திரும்பும் என்று கணக்குப் போட்டார். பிறகு மதுரைக்குப் பஸ் ஏறினார்.

ரூபவதியின் மகள் தேவினா அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். தீவு மூழ்கியபோது திருநெல்வேலியில் படித்துக்கொண்டிருந்த பெண். அப்புறம் திரும்பிப் போக ஊர் இல்லை. அப்போது பத்திரிகையில் வந்த படத்திலிருந்து பெரிய மாற்றமில்லை, நெற்றியோரம் கொஞ்சம் நரை, அவ்வளவுதான்.

"அது எப்படி சார் திரும்பி வரும்?" என்று கேட்டாள்.

"செயற்கைக்கோள் எல்லாம் ஆயுசு முடிஞ்சா எரிஞ்சு விழுதுல்லாம்மா? ஆயிரக்கணக்குல எரிஞ்சு, அந்த உலோகத் தூசி ஆகாசத்துல ஒரு தோலு மாதிரி படிஞ்சு கெடக்கு. கீழ பழைய அடுக்கு, மேல இந்தத் தோலு. நடுவுல மாட்டுன அலை வெளிய போக வழியில்லாம உலகத்தச் சுத்திக்கிட்டே இருந்திருக்கு. இப்பம் தோலு நைஞ்சு ஒழுகுது."

"இத்தன வருசமா தேயாமலா?"

"அது விஞ்ஞானிகளுக்கே இன்னும் பிடிபடல. ஆனா ஒண்ணு, ரேசன் கடை வரிச மாதிரி போன வரிசையிலயே வருது. எந்தத் திசையிலேர்ந்து வந்துச்சோ அதே திசையிலேர்ந்துதான் இப்பமும் வருது. உங்க அம்மா பேசின அந்தச் சாயங்காலம் வர்ற வெள்ளிக்கிழமை வரும். நீங்க கண்டிப்பா வரணும்."

தேவினா கையிலிருந்த நோட்டை மூடி வைத்தாள். "சிவசூரியன் சார் ஒண்ணு எழுதினாரு, நீங்க ஒண்ணு எழுதினீங்க. அவர் எழுதினதத்தான் நம்பினேன். ஆனா ராத்திரியில தூக்கம் கலைஞ்சா நீங்க எழுதினதுதான் சார் ஞாபகம் வரும். எனக்கு ஒரே ஒரு கேள்வி. ரேடியோ நிலையத்துக்குப் பக்கத்துலதான் மேடு இருந்துச்சு. எல்லாரும் ஏறித் தப்பிச்சுட்டாங்க. அம்மா ஏன் ஏறல?"

"படகெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு அவங்களே சொன்னாங்கம்மா."

"மேடு ஏறப் படகு எதுக்கு சார்?"

கஸ்பாருக்கு அந்தக் கேள்வி காதில் ஏறவே இல்லை. அவர் மனசெல்லாம் வெள்ளிக்கிழமையில் இருந்தது. அவள் கண் கலங்கியதைக்கூடச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டார்.

சிவசூரியனை அழைக்க நேரிலேயே போனார். சுவரில் பதக்கம், அதற்குக் கண்ணாடிப் பெட்டி.

"வெள்ளிக்கிழம மெலோரா வருது தலைவரே. உப்பளத்துல எல்லாரும் கூடுதோம். மன்றத்துக்காரங்க, டிவிக்காரங்க, அந்தப் பொண்ணும் வருது. யாரு கப்ஸான்னு அன்னைக்குத் தெரிஞ்சிரும்."

சிவசூரியனின் முகம் வெளிறியது. "வேண்டாம் வாத்தியாரே. அந்தம்மா போய்ச் சேந்தாச்சு. நாமளும் போற வயசு. விட்டுருவோம்."

"எம் பேரக் கெடுக்கையில அந்த நெனப்பு எங்க போச்சு? வரலைன்னா பயந்துட்டீங்கன்னு அர்த்தம்."

வாசல்படி இறங்கும்போது கஸ்பாருக்கு முழங்கால் வலியே தெரியவில்லை. பயந்துவிட்டான், பயந்தேவிட்டான் என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

வெள்ளிக்கிழமை உப்பளத்தில் திருவிழாக் கூட்டம். கொட்டகை முன்னால் மேஜை போட்டு, அதே பழைய ரேடியோவை வைத்தார் கஸ்பார். கூட்டத்துக்கும் டிவிக்காரர்களுக்கும் முகப்பு நன்றாகத் தெரியட்டும் என்று பெட்டியைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பி வைத்தார். முன்வரிசையில் தேவினா. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் சிவசூரியன், கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. வந்துவிட்டார். கஸ்பார் மாதாவுக்கு மனசுக்குள் நன்றி சொன்னார்.

சூரியன் உப்புக் குவியல்களுக்குப் பின்னால் இறங்கியது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் மெதுவாக எழுந்தது.

"இது மெலோரா வானொலி. அன்பான நேயர்மாரே..."

தேவினா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் தேய்ந்து, இரைச்சலில் அமுங்கியது. மத்திய அலை அப்படித்தான், மூச்சு வாங்கிக்கொண்டு வரும். அடுத்து எழுந்தபோது அது இரைச்சலில் சிதைந்த கதறலாக இருந்தது.

"படகையெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்களே! எங்கள இப்படி விட்டுட்டுப் போயிட்டாங்களே! பாவிகளா, திரும்பி வாங்க!"

கூட்டம் மொத்தமும் சிவசூரியன் பக்கம் திரும்பியது. மன்றத்து ஆட்கள் வெட்கமே இல்லாமல், "கஸ்பார் சார் அன்னைக்கே சொன்னாரு" என்றார்கள். டிவிக்காரன் மைக்கை எடுத்துக்கொண்டு ஓடினான். கஸ்பாருக்கு உடம்பெல்லாம் இனித்தது. இதற்குத்தான் இத்தனை காலமும் பல்லைக் கடித்துக்கொண்டு உயிரோடு இருந்தார். இன்னும் தெளிவாகக் கேட்கட்டும், ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்று பெட்டியை நேராகத் தென்கிழக்கு நோக்கித் திருப்பினார்.

கதறல் குறைந்தது.

கஸ்பார் கையை எடுக்கவில்லை. பழைய கோணத்துக்குக் கொண்டுவந்தார், கதறல் கூடியது. இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவன் முதலில் கற்றுக்கொள்கிற சங்கதி இது. ரேடியோவுக்கும் ஒரு பக்கம்தான் காது. ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் குழம்பும்போது பெட்டியைக் கால் சுற்றுத் திருப்பினால் ஒன்று அமுங்கும், மற்றது மேலே வரும். மெலோரா இருந்தது தென்கிழக்கில். கதறல் வடகிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. தீவு மூழ்கிய அன்றைக்கு மழையில் பெட்டியைத் தார்ப்பாய்க்குள் வைத்துக் கட்டியிருந்தார், திருப்பிப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டோம் என்ற வெறியில் திருப்பத் தோன்றவும் இல்லை. இப்போது குனிந்து காதை ஒட்டினார். கதறலுக்கு அடியில் யாரோ சோகமாக வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மூழ்குகிற தீவில் எவன் வயலின் வாசிப்பான்?

நாடகம். வேறு ஏதோ நாட்டுத் தமிழ் நிலையத்தின் ரேடியோ நாடகம். இருபத்துச் சொச்சம் வருஷம் ஒரு நாடகத்தின் வசனத்தை வைத்துக்கொண்டு பழி வளர்த்திருக்கிறார். ஆனால் யாருக்கும் தெரியாதே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. மன்றத்துக்காரர்களுக்கே இந்தத் தூரத்தில் வயலின் கேட்காது, மற்றவர்களுக்குத் திசையா தெரியும்? கையை எடுத்துவிட்டு நகர்ந்தால் போதும், ஜெயித்தாயிற்று.

தெரிந்த ஒருவர் இருந்தார். கஸ்பார் சிவசூரியனைப் பார்த்தார். அவரைவிட நல்ல காது இந்த ஜில்லாவிலேயே கிடையாது. வயலின் அவருக்குக் கேட்காமல் இருக்காது. 'பெட்டியைத் திருப்புங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் மானம் தப்பிவிடும். ஆனால் மனுஷன் மைக்குக்கு எதிரே வேர்த்து வழிந்துகொண்டு, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்? கஸ்பாருக்குப் புரியவில்லை.

"போதும் சார்" என்றாள் தேவினா. அவள் அழுதுகொண்டிருந்தாள். "நிறுத்திருங்க. அம்மா இப்படிக் கத்துறத என்னால கேக்க முடியல."

அந்த அழுகை கஸ்பாரை உலுக்கியது. இத்தனை வருஷமும் இந்தப் பெண்ணின் தூக்கத்தைக் கலைத்தது தான் எழுதி அனுப்பிய நாடக வசனம்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பழி கிடக்கட்டும், இதைத் தாங்க முடியாது.

"அது உங்க அம்மா இல்லம்மா" என்றார். "வேற நாட்டு நிலையம். ஏதோ நாடகம். நாந்தான் புத்திகெட்டுப் போயி ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். சிவசூரியன் எழுதினதுதான் சரி. இருங்க, திருப்புதேன்."

கைத்தடி கீழே விழுகிற சத்தம் கேட்டது. சிவசூரியன் எழுந்துவிட்டார்.

"வேண்டாம் வாத்தியாரே. திருப்பாதீங்க. இப்படியே இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. நான் தப்பா எழுதினதாவே இருக்கட்டும்."

அவரைக் காப்பாற்றப் போகும்போது வேண்டாம் என்கிறாரே என்று யோசித்துக்கொண்டே கஸ்பார் பெட்டியைத் திருப்பினார். கதறல் செத்து, வயலின் செத்து, அடியில் கிடந்த குரல் தெளிவாக மேலே வந்தது. சமையலறையில் நின்று பேசுகிற மாதிரி நிதானமான குரல்.

"...மேடு ஏறாதவங்க இருந்தா இப்பவே ஏறிடுங்க. என்னைத் தேடி யாரும் வர வேணாம். நம்ம படகுங்க இன்னும் கடல்ல இருக்கு. கலங்கரை விளக்கு அணைஞ்சு போச்சு. நம்ம ஒலிபரப்பு இருந்தாத்தான் அவங்க ரேடியோவைத் திருப்பிப் பார்த்துக் கரை எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க முடியும். அதனால நான் பேசிக்கிட்டே இருக்கப்போறேன். பாட்டுப்போட்டி முடிவுகூடப் படிச்சாச்சு, இனிமே படிக்க ஒண்ணுமில்ல. கப்பல்ல வந்த ஒரு கடுதாசி இருக்கு, அதைப் படிக்கிறேன்."

தேவினா எழுந்து மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். அந்தப் படகுகளில் ஒன்றுகூடக் கரை சேரவில்லை. மேட்டில் மழையில் நின்றவர்களிடம் ரேடியோ இல்லை. அன்றைக்கு இதைக் கேட்ட ஒரே மனுஷன் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தியாவுல தூத்துக்குடியிலேர்ந்து கஸ்பார்னு ஒருத்தர் எழுதியிருக்கார். நம்ம நிகழ்ச்சியைக் கேட்டாராம். போட்ட பாட்டெல்லாம் சரியா எழுதியிருக்கார். நான் தும்மினதைக்கூட விடல." ஒரு சின்னச் சிரிப்பு. "கஸ்பார் ஐயா, இந்தியாவுல நம்மளைக் கேட்ட முதல் ஆளு நீங்கதான். உங்க அட்டையை எழுதி வெச்சுட்டேன், அடுத்த கப்பல்ல வரும். என் மகளும் உங்க பக்கந்தான் படிக்கிறா..."

கஸ்பார் பெட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டார். ஆசைப்பட்டுக் காத்திருந்த நேரம் வந்துவிட்டது, எல்லாரும் சிவசூரியனின் முகத்தைப் பார்த்தார்கள், கஸ்பாரால் மட்டும் பார்க்க முடியவில்லை. பெட்டி ஒரு விரலளவு அசைந்தாலும் வயலின் உள்ளே வந்துவிடும்.

"இத நீங்க கேட்டீங்களா?" தேவினா திரும்பாமலே கேட்டாள்.

"கேட்டேன்" என்றார் சிவசூரியன்.

"முழுசுமா?"

"முழுசும். எத்தன வருசம் அந்த ஸ்டேசனுக்காகத் தவம் கெடந்தேன் தெரியுமா தாயி? கடைசியில கேட்டா, முதல் ஆளுன்னு இன்னொருத்தன் பேரு வருது. கடுதாசியப் பத்தி எழுதினா பேர எழுதணும். கடுதாசிய விட்டா, அத ஏன் படிச்சாங்கங்கறதையும் விட வேண்டியதாப் போச்சு."

"அதனால எங்க அம்மா ஏன் ஏறலங்கறதையும் விட்டுட்டீங்க."

சிவசூரியன் குனிந்து கைத்தடியைத் தேடி எடுத்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. இரண்டு அடி எடுத்து வைத்திருப்பார்.

"உக்காருங்க" என்றாள் தேவினா. சத்தம் போடவில்லை, நோயாளியிடம் பேசுகிற அதே குரல். "இன்னும் முடியல."

சிவசூரியன் உட்கார்ந்தார். ரூபவதி கடிதத்தின் மிச்சத்தைப் படித்தார். கஸ்பார் எந்த ஊர் வாத்தியார், உப்பளம் எப்படி இருக்கும் என்றெல்லாம் படித்தார். பின்னால் தண்ணீர் மோதுகிற ஓசை வர ஆரம்பித்தது. "சரி, மறுபடியும் முதல்லேர்ந்து படிக்கிறேன்" என்றார். படித்தார். மூன்றாவது தடவை பாதியில், தூத்துக்குடி என்ற இடத்தில், நிலையம் நின்றுபோனது.

இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கஸ்பார் ரேடியோவை அணைத்தார். கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது, டிவிக்காரர்கள் வயரைச் சுருட்டினார்கள். சிவசூரியன் மட்டும் நாற்காலியிலேயே இருந்தார். எழுந்திருக்கலாம் என்று தேவினா இன்னும் சொல்லவில்லை.